மனநோய் இரத்தத்தில் தெரியுமா?

"சர்க்கரைக்கு விரலைக் குத்திப் பார்க்கிறாங்க. தைராய்டுக்கு இரத்தம் எடுக்கிறாங்க. மனநோய்க்கு மட்டும் ஏன் அப்படி ஒரு டெஸ்ட் இல்லை?"

நான் காஞ்சிபுரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். இப்போது உத்திரமேரூர் பக்கம் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்து சொர்ணவாரியும் சம்பாவும் காய்கறியும் செய்கிறேன். நம் கூட்டங்களுக்குப் போனால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. அடுத்து வருவது இன்னொரு கேள்வி: "எல்லா நோய்க்கும் காரணம் உடம்புக்குள்ளே இருக்கிற அழற்சிதானாம், மனநோய்க்கும் அதுதானாம். அப்போ நஞ்சில்லாத உணவைச் சாப்பிட்டா மாத்திரையை நிறுத்திடலாம் இல்லையா?"

முதல் கேள்வி நல்ல கேள்வி. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அதற்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதி உயிருக்கு ஆபத்தானது. நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்தப் பரிசோதனைகள் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது எனக்குப் பழகின சங்கதி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அழற்சி என்றால் என்ன?

கையில் கருவேல முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இதுதான் அழற்சி. இது நோய் இல்லீங்க, உடம்பின் காவல் வேலை. முள்ளோடு உள்ளே வந்த கிருமியை அழிக்க வெள்ளை அணுக்கள் அங்கே ஓடிவருகின்றன. அவை ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ள சில புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றுக்கு சைட்டோகைன் என்று பெயர். இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா என்று பல வகை உண்டு. ஊரில் தீப்பிடித்தால் தண்டோரா போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தண்டோரா கல்லீரலுக்குக் கேட்டதும் அது சி-ரியாக்டிவ் புரதம் என்ற ஒன்றைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. சுருக்கமாக சி.ஆர்.பி. 1930-இல் நிமோனியாக் காய்ச்சல் வந்தவர்களின் இரத்தத்தில் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். கடுமையான தொற்று வந்தால் இது பல நூறு மடங்கு கூடும். தொற்று அடங்கினால் சில நாளில் இறங்கிவிடும். இப்படி உடம்புக்குள் நடப்பதை வெளியே அளந்து சொல்லும் பொருளுக்குத்தான் உயிர்க்குறியீடு, அதாவது பயோமார்க்கர் என்று பெயர்.

முள்ளை எடுத்ததும் அழற்சி அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. தொப்பைக் கொழுப்பு, புகை, ஈறு நோய், சர்க்கரை நோய், தூக்கமின்மை, தீராத மன அழுத்தம் ஆகியவற்றால் நெருப்பு பெரிதாக எரியாமலும் அணையாமலும் உமி மூட்டம் மாதிரி உள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். ஆய்வாளர்கள் இப்போது அதிகம் பேசுவது இந்தப் புகைச்சலைப் பற்றித்தான்.

காய்ச்சல் வந்த மாடு

இதற்கும் மனதுக்கும் என்ன தொடர்பு? மாடு வளர்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். காய்ச்சல் கண்ட மாடு தீனி எடுக்காது, அசை போடாது, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கும், கன்றைக்கூட நக்காது. கிருமியா அதை நேரடியாக அப்படிச் செய்கிறது? இல்லை. அமெரிக்காவில் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவர் 1988-இல் இதை விளக்கி எழுதினார். கிருமியை எதிர்க்கத் தேவையான சக்தியை மிச்சம் பிடிக்க மூளையே உடம்பை அப்படி ஒடுங்க வைக்கிறது. அந்த உத்தரவை மூளைக்குக் கொண்டுபோவது அதே சைட்டோகைன்கள்தான்.

மனிதருக்கும் அப்படியே. பசியின்மை, சோர்வு, எதிலும் நாட்டமின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமை. காய்ச்சல்காரருக்கு இருக்கிற இந்த அடையாளங்களையும் மனச்சோர்வு நோய்க்குச் சொல்கிற அடையாளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு ஒத்துப்போகிறது!

இதைவிட நேரடியான சாட்சி ஒன்று உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ்-சி கிருமிக்குப் பல வருடங்கள் இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். அதுவும் ஒரு சைட்டோகைன்தான். அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வந்தது. வீட்டுக் கவலையும் கடன் தொல்லையும் இல்லாமலே, ஊசி வழியாக உள்ளே போன ஒரு புரதம் மனநிலையை மாற்றிவிட்டது.

மூளைக்கென்று தனிக் காவல் அணுக்களும் உண்டு. மைக்ரோகிளியா என்று பெயர். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ரியோ ஓர்டேகா 1919-இல் அவற்றை அடையாளம் காட்டினார். இவை மூளையில் குப்பையை அள்ளும், வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கவாத்து செய்யும். இரத்தத்தில் புகைச்சல் நீண்டால் இவையும் உசுப்பப்படுகின்றன என்பது இன்றைய கருத்து.

இருமுனைக் கோளாறில் கண்டது என்ன?

இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார், இரண்டு பக்கமும் சாய்கிற நோய். சில வாரம் மனம் எல்லை மீறி ஏறும்: தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, கடன் வாங்கிச் செலவு செய்வார்கள், நிலத்தை விற்கக்கூடக் கிளம்புவார்கள். இது மேனியா. பிறகு சில மாதம் படுத்த படுக்கையாக மனச்சோர்வு. நடுவில் முழு ஆரோக்கியமாக, நம்மைப் போலவே இருப்பார்கள். 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. நாட்டில் இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்று அது காட்டியது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பொதுவாக ஒன்று தெரிகிறது. இந்த நோயாளிகள் கூட்டத்தின் சராசரி சி.ஆர்.பி., நோயில்லாதவர் சராசரியைவிடச் சற்று அதிகம். மேனியா ஏறியிருக்கும்போது வித்தியாசம் இன்னும் கூடுகிறது. இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்றவையும் அப்படியே. மனச்சிதைவு நோயிலும் கடுமையான மனச்சோர்விலும் இதே போக்கு உண்டு. இங்கிலாந்தில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளில், 9 வயதில் இன்டர்லூக்கின்-6 கூடுதலாக இருந்தவர்களுக்கு 18 வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்ததாக 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆக, இது வெறும் பேச்சில்லை, உண்மையான தடம்தான்.

மஞ்சள் இலை பாடம்

அப்படியானால் சி.ஆர்.பி. பார்த்து "உங்களுக்கு பைபோலார்" என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஏன் என்று சொல்ல நம் வயலே போதும்.

நெல் இலை மஞ்சளாகிறது. தழைச்சத்து குறைவா? இரும்புச்சத்து குறைவா? தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுகிறதா? துங்ரோ வைரஸா? எல்லாவற்றுக்கும் இலை மஞ்சள்தான். மஞ்சளைப் பார்த்ததும் யூரியா மூட்டையைத் தூக்குகிறவர் நல்ல உழவர் இல்லை. சி.ஆர்.பி.யும் மஞ்சள் இலை போலத்தான். பல்வலிக்கும் ஏறும், மூட்டுவாதத்துக்கும் ஏறும், சளிக்கும் ஏறும், தொப்பைக்கும் ஏறும். ஏதோ நடக்கிறது என்று சொல்லும், என்ன நடக்கிறது என்று சொல்லாது.

இன்னொரு சிக்கல் சராசரி. இரண்டு ஊர் நெல்லின் சராசரி உயரத்தில் அரை அங்குலம் வித்தியாசம் இருக்கலாம். அதற்காக ஒரே ஒரு நாற்றைக் கையில் கொடுத்து எந்த ஊர் நாற்று என்று கேட்டால் சொல்ல முடியுமா? நோயாளிகளில் பாதிக்கு மேல் சாதாரண அளவிலேயே இருப்பார்கள், நோயில்லாத பலருக்கு அளவு கூடியிருக்கும்.

மூன்றாவது, எது முன்னே எது பின்னே என்ற குழப்பம். செடி வாடியதால் அசுவினி வந்ததா, அசுவினி வந்ததால் செடி வாடியதா? மனநோய் உள்ளவருக்குத் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு கெடுகிறது, சிலர் பீடி அதிகம் பிடிக்கிறார்கள், சில மாத்திரைகளால் எடை கூடுகிறது. இவை ஒவ்வொன்றும் அழற்சியை ஏற்றும். நோய் அழற்சியைத் தந்ததா, அழற்சி நோயைத் தந்ததா, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கிறதா? மூன்றும் ஓரளவு நடக்கலாம்.

சரி, அழற்சியை அணைத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் ஏற்றினார்கள். முடிவு 2013-இல் வந்தது. மொத்தத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் சி.ஆர்.பி. ஆரம்பத்திலேயே 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து உதவுகிற அறிகுறி தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு உப்புநீரே மேலாக இருந்தது. இருமுனைக் கோளாற்றின் சோர்வுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் மொத்தத்தில் பலன் இல்லை.

இதிலிருந்து தெரிவது: மனநோயாளிகள் எல்லாருக்கும் அழற்சி காரணம் இல்லை. ஒரு பகுதியினருக்கு அது பெரிய பங்கு வகிக்கலாம். அவர்களைப் பிரித்து அறியத்தான் உயிர்க்குறியீடு தேடுகிறார்கள். நிம்ஹான்சும் பெங்களூருவின் மற்ற ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் உள்ளவர்களின் இரத்த அணுக்களை எடுத்து அவற்றிலிருந்து நரம்பணுக்களையே வளர்த்து ஆராய்கிறார்கள். பலன் நம் ஊர் மருத்துவமனைக்கு வர நாளாகும். அதுவரை "மனநோய் கண்டறியும் இரத்தப் பரிசோதனை" என்று யாராவது பேக்கேஜ் விற்றால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

உண்மையில் தேவைப்படும் இரத்தப் பரிசோதனை

இரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. மனம் முதல்முறை மாறும்போது மருத்துவர் தைராய்டு, சர்க்கரை, பி-12, சோடியம் போன்றவற்றைப் பார்க்கச் சொல்வார். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும், கூடினால் மேனியா மாதிரி இருக்கும். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 குறைந்து மறதியும் சோர்வும் வருவதுண்டு. இவற்றுக்குக் காரணம் தெளிவு, தீர்வும் தெளிவு.

இருமுனைக் கோளாறில் மிக முக்கியமான பரிசோதனை ஒன்று உண்டு. அது நோயை அளப்பதில்லை, மருந்தை அளக்கிறது. லித்தியம் அளவு.

லித்தியம் ஒரு சாதாரண உப்பு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அது மேனியாவை அடக்குவதைக் கண்டார். மேனியாவைத் தடுப்பதிலும் தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதிலும் இன்றும் அதற்கு நிகராகச் சொல்லும் மருந்துகள் குறைவு. ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே வரப்பு மிகக் குறுகல். இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு நேராக வந்து கையை நீட்டினால் அளவு தப்பாகக் கூடிக் காட்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

உழவர் வீட்டில் லித்தியம் சாப்பிடுகிறவர் இருந்தால் இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்:

சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஒரே மாதிரி நடத்துகிறது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். அளவு ஏறிவிடும். கத்திரி வெயிலில் களையெடுத்து வியர்வை கொட்டினால் ஏறும். வயிற்றுப்போக்கு வந்தால் ஏறும். நம் வட்டத்தில் பிரபலமான உப்பில்லாச் சமையல், பட்டினி நோன்பு, பழச்சாறு மட்டும் குடிக்கும் இயற்கை முகாம், இவை எல்லாவற்றிலும் ஏறும். மற்றவர்களுக்கு அந்த முகாம் நல்லதாகவே இருக்கட்டும், லித்தியம் சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. உப்பு போட்ட மோரும் நீராகாரமும் தினமும் ஒரே அளவில் இருப்பது அவருக்கு நல்லது.

குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும் நெசவாளிகளும், நடவு முடிந்து முதுகு ஒடியும் நம் பெண்களும் மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள். அவையும் லித்தியத்தை ஏற்றும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் ஏற்றும். கை உதறல் கூடுவது, வாந்தி, பேதி, நாக்குக் குழறல், குடித்தவர் மாதிரி தள்ளாட்டம், குழப்பம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போகணும். "வெயில்ல நின்னதால மயக்கம்" என்று படுக்க வைத்துவிடக் கூடாது.

நம் சாப்பாடு எவ்வளவு தூரம் உதவும்?

இங்கேதான் நம் இயக்கத்துக்குச் சந்தோஷமான செய்தியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் மனச்சோர்வு உள்ள 67 பேர் இருந்தார்கள். ஒரு பாதிக்கு 12 வாரம் முழுத் தானியம், பருப்பு, காய்கறி, பழம், கொட்டைகள், மீன் என்று உணவு ஆலோசனை. மறு பாதிக்குப் பேச்சுத்துணை மட்டும். உணவு மாற்றியவர்களில் 32 விழுக்காட்டினர் குணநிலைக்கு வந்தார்கள், மற்றவர்களில் 8 விழுக்காடு. நம் பாட்டி சமைத்த வரகு, கேழ்வரகு, பயறு, கீரை, மத்தி மீன் குழம்பு அந்தப் பட்டியலுக்கு ஒன்றும் சளைத்ததில்லை. நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து உண்டாக்கும் சில அமிலங்கள் அழற்சியைத் தணிக்கின்றன. மண்ணுக்கு மட்கு எப்படியோ குடலுக்கு நார்ச்சத்து அப்படி.

ஆனால் அளந்து பேசுவோம். அந்த ஆய்வு சிறியது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையை விடாமல்தான் உணவையும் மாற்றினார்கள். அது மனச்சோர்வுக்கான ஆய்வு, இருமுனைக் கோளாறுக்கானது அல்ல. சாப்பாடு நல்லது என்றதும் அதைக் குப்பியில் அடைத்து விற்கப் பார்க்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒமேகா-3 மாத்திரையோ வெறும் மாத்திரையோ பல வருடம் கொடுத்துப் பார்த்து 2021-இல் முடிவு சொன்னார்கள்: மனச்சோர்வு வருவதை அது தடுக்கவில்லை. மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடுங்கள், நல்லது. ஆனால் அதன் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே ஏறுகிறது. மஞ்சள் தூள் மேனியாவைப் பிடித்து நிறுத்தாது.

மட்கு போட்டு மண்ணை வளமாக்கினால் பயிர் வலுவாகும், நோய் குறையும். ஆனால் வெள்ளம் வந்து வயல் மூழ்கிக் கிடக்கும்போது மட்கு போட்டுப் பயன் இல்லை, முதலில் வடிகால் வெட்டணும். மேனியா அந்த வெள்ளம் மாதிரி. மாத்திரை வடிகால். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும், தற்கொலை ஆபத்தும் கூடும். "சத்தான அரிசி சாப்பிடறே, இனி எதுக்கு மாத்திரை?" என்று அன்பினால் சொல்கிற வார்த்தை ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடும். நம் அரிசியை விற்க நாம் ஒருபோதும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது.

நஞ்சும் மூளையும்

உழவர்களுக்கு உண்மையிலேயே பொருந்துகிற உயிர்க்குறியீடு ஒன்று சொல்கிறேன்: கோலின்எஸ்டரேஸ். நரம்பு வேலை செய்ய இந்த நொதி வேண்டும். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் இதைத்தான் முடக்குகின்றன, பூச்சியிடத்திலும் சரி, மனிதரிடத்திலும் சரி. மருந்தடித்துவிட்டு வந்தவரின் இரத்தத்தில் இது சரிந்திருந்தால் நஞ்சு உள்ளே போயிருக்கிறது என்று பொருள். இங்கே காரணமும் குறியீடும் நேர்கோட்டில் இருக்கின்றன. சி.ஆர்.பி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

அமெரிக்காவின் அயோவா, வடக்கு கரோலினா மாநிலங்களில் 1993 முதல் பல்லாயிரம் உழவர் குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். பூச்சிக்கொல்லி நஞ்சேற்றம் என்று மருத்துவர் உறுதி செய்தவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. அதே மக்களிடம் எடுத்த இன்னொரு ஆய்வு 2011-இல் வந்தது. பாராகுவாட், ரோட்டினோன் இரண்டில் ஏதாவது ஒன்றைக் கையாண்டவர்களுக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், சுமார் இரண்டரை மடங்கு. பாராகுவாட் நமக்குத் தெரிந்த களைக்கொல்லி. ரோட்டினோன் எது தெரியுமா? ஒரு கொடியின் வேரிலிருந்து எடுப்பது. பல நாடுகளில் ஒரு காலத்தில் இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்டிருந்தது. "செடியிலிருந்து வந்தது, அதனால் பாதுகாப்பு" என்ற நினைப்பு எப்போதும் சரியில்லை. இலைக் கரைசல் தெளிக்கும்போதும் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், காற்றடிக்கும் திசை பார்த்து நில்லுங்கள்.

இன்னொன்று. மனம் சரிந்திருக்கும் ஒருவர் வாழும் வீட்டில் பூச்சிக்கொல்லிப் பாட்டில் இருப்பதே ஆபத்து. அந்த எண்ணம் பல நேரம் ஒரு அலை மாதிரி வந்து போவது. அந்த நேரம் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். இலங்கையில் 1995-லும் 1998-லும் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்த பிறகு, 2005-க்குள் தற்கொலை விகிதமே பாதியானது. நம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் சென்னை சினேகா அமைப்பினர் ஊருக்குப் பொதுவாகப் பூட்டுப் பெட்டிகள் வைத்து, உழவர்கள் மருந்தை அங்கேயே வைத்து எடுக்கும்படி செய்தார்கள். உழவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், உயிரிழப்பும் குறைந்தது. நஞ்சில்லா வேளாண்மை மனநலத்துக்குச் செய்கிற ஆகப் பெரிய தொண்டு இதுதான் என்பேன். அழற்சி ஆய்வெல்லாம் முடிவதற்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் அந்தப் பாட்டிலே இல்லை என்றால் இன்றைக்கே ஓர் உயிர் பாதுகாப்பு.

தூக்கம்

இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மேனியாவைக் கிளப்பிவிட இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டாலே போதும். தூக்கம் கெட்டால் அழற்சிக் குறியீடுகளும் லேசாக ஏறுகின்றன. எங்கள் ஊரில் தூக்கம் கெட வழிகள் நிறைய. முகூர்த்தச் சேலை முடிக்கணும் என்று நள்ளிரவு வரை தறியில் இருப்பார்கள். மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் உழவர் விழித்துத் தண்ணீர் பாய்ச்சுவார். வைகாசியில் வரதர் கருட சேவைக்கு விடிய விடியக் கண் விழிப்பார்கள். மற்றவர்களுக்கு மறுநாள் தூங்கினால் சரியாகும். இந்த நோய் உள்ளவருக்கு ஆகாது. மூன்று நாள் தூங்காமல் களைப்பே தெரியாமல் பாடிக்கொண்டு, தானம் கொடுத்துக்கொண்டிருந்தால் எல்லாரும் பக்தி என்று கையெடுப்பார்கள். வீட்டார்தான் அடையாளம் கண்டு மருத்துவரிடம் போகணும். இரவு மோட்டார் வேலையை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்வது அவருக்கு மருந்துக்குச் சமம்.

நம் மாவட்டத்தில் பலன் தந்தது

மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், பழைய காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் பல வருடம் வேலை செய்திருக்கிறது. அந்தக் கிராமங்களும் கோவாவும் மகாராட்டிரத்தின் சதாராவும் சேர்ந்த ஓர் ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடி வந்தார்கள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தார்கள், குடும்பத்துக்கு நோயை விளக்கினார்கள், வேலைக்குத் திரும்ப உதவினார்கள். வீட்டுக்கு ஆள் வந்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். மூன்று இடங்களில் பலன் அதிகம் தெரிந்தது நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான்.

அதில் புதுக் குறியீடு எதுவும் இல்லை. மாத்திரை, வேலை, வீடு தேடி வந்து பேசும் ஒரு மனிதர். இதில் பாதியை நம் உழவர் குழுக்களே செய்யலாம். நோய் உள்ளவரை ஒதுக்காமல் விதைத் திருவிழாவுக்குக் கூப்பிடுங்கள். காலை நேர வேலையும் கூலியும் கொடுங்கள். வெயில் ஏறுமுன் வீட்டுக்கு அனுப்புங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். தூரம் என்றால் ஒரு நாள் வண்டியில் கூட்டிப் போய் வாருங்கள். அவசரத்துக்கு டெலி-மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மனநோயும் உடம்பில் நடக்கிற நோய்தான் என்று இந்த அழற்சி ஆய்வுகள் நமக்குச் சொல்லிவிட்டன. அது செய்வினையும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. எந்தப் புரதம் எவ்வளவு ஏறினால் என்ன செய்யணும் என்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கட்டும். நல்ல சாப்பாடும், நஞ்சில்லாத வீடும், இரவுத் தூக்கமும், விடாத மாத்திரையும் நம் கையில் இருக்கின்றன. நாலில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற மூன்றை விட வேண்டாம்.